ஆடிவேலுக்கு முதல் பாதத்தைப் பாருங்கோ

குழு: வெள்ளவத்தை அயல் வீடுகள்

கௌரி, பி.ப. 6:12
வசந்தி அன்ரி, அம்மாட சீனி வருத்த ரிப்போர்ட் வந்திட்டு. வெறுவயித்துச் சீனி 118. ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டி மட்டும் வெறுங்காலோட நடக்கப்போறன் எண்டு நிக்கிறா. 118 தானே, விடலாமோ?

வசந்தி அன்ரி, பி.ப. 6:19
118 நல்லது பிள்ளை. ஆனா அது அண்டைக்கு விடியக்காலமை இருந்த சீனி மட்டும். அதே தாளில எச்.பி.ஏ.1.சி. எண்டு இருக்கும், அது எத்தினை?

கௌரி, பி.ப. 6:21
8.6

வசந்தி அன்ரி, பி.ப. 6:26
அப்ப சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுது போல. 8.6 எண்டது போன ரெண்டு மூண்டு மாதத்தின்ர கணக்கு. கிளினிக்குக்கு முதல் ரெண்டு நாள் சோத்தைக் குறைச்சா வெறுவயித்துச் சீனி இறங்கும், இது இறங்காது. கன ஆக்களுக்கு 7க்குக் கீழ வைக்கச் சொல்லுவினம். வயது போய், சீனி சட்டெண்டு இறங்கி மயங்கிற ஆக்களுக்கு 8 மட்டும் விடுவினம். சாப்பிடத் தொடங்கி ரெண்டு மணித்தியாலத்தில குத்திப் பாருங்கோ, 180க்குக் கீழ இருக்கவேணும். ஒருநாள் காலமைச் சாப்பாட்டுக்கு, மற்றநாள் மத்தியானத்துக்கு, பிறகு இரவுக்கு எண்டு மாத்திப் பாத்துக் கொப்பியில எழுதுங்கோ. எந்தச் சாப்பாடு ஏத்துது எண்டு டொக்டருக்கு அதில விளங்கும்.

நிமலன் (பாமசி), பி.ப. 6:29
அக்கா, எச்.பி.யையும் (ஹீமோகுளோபின்) பாருங்கோ. இரும்புச்சத்துக் குறைவு இருந்தா எச்.பி.ஏ.1.சி. கூட்டிக் காட்டும். தலசீமியா மாதிரி இரத்த வருத்தம் இருந்தாலும் அந்த எண்ணை அப்பிடியே நம்பேலாது.

வசந்தி அன்ரி, பி.ப. 6:37
இனி நடக்கிற கதை. அதுக்குச் சீனி ரிப்போர்ட் மறுமொழி சொல்லாது, பாதம்தான் சொல்லும். இப்பவே பாக்கலாம், ஒரு சாமானும் தேவையில்லை. அம்மாவைக் கட்டில்ல கால் நீட்டிப் படுக்க விட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கோ. தொடுறது தெரிஞ்ச உடனை வலது, இடது எண்டு அவ சொல்லவேணும். உங்கட ஆள்காட்டி விரல் நுனியால அவவின்ர விரல் நுனியை மெல்லமாத் தொடுங்கோ, ஒண்டு ரெண்டு செக்கன் காணும். முதல் வலது பெருவிரல், வலது சின்னவிரல். பிறகு இடது பெருவிரல், இடது சின்னவிரல். கடைசியா வலது நடுவிரல், இடது நடுவிரல். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. தெரியேல்லை எண்டா திரும்பத் தொடவும் கூடாது. ரெண்டாந்தரம் தொட்டா ஊகிச்சுச் சொல்லிப்போடுவினம்.

கௌரி, பி.ப. 6:55
ரெண்டு சின்னவிரலும் தெரியேல்லை 😟 மற்ற நாலும் சரியாச் சொன்னா.

வசந்தி அன்ரி, பி.ப. 7:08
ஆறில ரெண்டு தெரியாமல் போனாலே உணர்வு குறைஞ்ச பாதம் எண்டுதான் எடுக்கவேணும். கிளினிக்கில சொல்லுங்கோ, மொனோஃபிலமென்ட் எண்டு நைலோன் நூல் மாதிரி ஒண்டால 10 கிராம் அழுத்தத்தில திரும்பப் பாப்பினம். கால் நாடித்துடிப்பும் பாக்கவேணும்.

வெறுங்காலோட தார் ரோட்டில விடவேண்டாம். நோகிற காலெண்டா நொண்டி நொண்டிப் பாரத்தை மாத்திப் போடும். நோகாத கால் அதே இடத்திலயே அழுத்தி நடக்கும். கொப்புளம் உடைஞ்சு, புண்ணாகி, கிருமி எலும்பு மட்டும் போனபிறகு மணத்திலதான் வீட்டில தெரியவரும். கனபேருக்கு விரலும் காலும் போறது இந்த வழியாலதான். நேர்த்தி எண்டா ரோட்டில சப்பாத்தோட நடந்து, கோயில் வாசல்ல கழட்டிப்போட்டு, தடிச்ச பருத்திச் சொக்ஸ் போட்டுக்கொண்டு உள்ள போகட்டும். வெள்ளைச் சொக்ஸ் எண்டா இரத்தமோ நீரோ கசிஞ்சா உடனை தெரியும். ஈரமானா மாத்த இன்னொரு சோடி பையில இருக்கட்டும். கோயில் வெளிவீதிக் கல்லும் மத்தியானத்தில சுடும், விடியவோ பொழுதுபட்ட பிறகோ கூட்டிக்கொண்டு போங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்.

கௌரி, பி.ப. 7:10
நடந்திட்டு வந்த பிறகு சுடுதண்ணியில கால் வைக்கலாமோ?

வசந்தி அன்ரி, பி.ப. 7:19
வேண்டாம் பிள்ளை. சூடு தெரியாத காலைச் சுடுதண்ணிக்குள்ள வைக்கக்கூடாது. சாதாரணத் தண்ணியில கழுவி, விரலிடுக்கை மெல்லிய துணியால ஒத்தி எடுங்கோ. குதியில வெடிப்பு இருந்தா கிறீம் பூசலாம், விரலிடுக்கில பூசவேண்டாம், ஈரம் நிண்டு பங்கஸ் பிடிக்கும். ஒவ்வொரு இரவும் அடிப்பாதத்தைப் பாருங்கோ. அவவுக்குக் குனிய ஏலாட்டி நிலத்தில கண்ணாடி வைச்சுப் பாக்கட்டும். நகம் நேரா வெட்டவேணும், மூலையைத் தோண்டக்கூடாது. கால் ஆணிக்கு பிளேட் வைக்கிறதும் பிளாஸ்டர் ஒட்டுறதும் வேண்டாம்.

நிமலன் (பாமசி), பி.ப. 7:22
அந்த ஆணிப் பிளாஸ்டரில சலிசிலிக் அசிட் இருக்கு, நல்ல தோலையும் சேத்து அரிச்சுப்போடும். சீனி வருத்தம் எண்டு சொல்லி ஆர் கேட்டாலும் குடுக்கிறேல்லை.

வசந்தி அன்ரி, பி.ப. 7:26
சின்னப் புண் வந்தாலும் கழுவி, சுத்தமான கோஸ் வைச்சுக் கட்டி, ஒரு நாளுக்குள்ள காட்டுங்கோ. மஞ்சள், கோப்பித்தூள் ஒண்டும் வைக்கவேண்டாம். இன்னொண்டு: காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடா இருந்தா, நோகாட்டியும் அண்டைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் காலை ஊண்டவே விடக்கூடாது. உள்ள எலும்பு நொருங்கிக்கொண்டிருக்கலாம்.

இராசையா அங்கிள், பி.ப. 7:31
(முன்னனுப்பியது) விடிய வெறுவயித்தில பிலிங் காய் யூஸ் ஒரு கிளாஸ். சீனி, கொலஸ்ரோல் ரெண்டும் பறக்கும் 🙏

நிமலன் (பாமசி), பி.ப. 7:33
அங்கிள், கோவிக்காமல் இதை மற்றக் குழுக்களில இருந்தும் எடுத்துவிடுங்கோ. பிலிங் காயிலயும் காமரங்காயிலயும் (நட்சத்திரப்பழம்) ஒக்சலேட் எண்ட உப்பு கனக்க இருக்கு. கறிக்கு ரெண்டு போடுறது வேற. யூஸா அடிச்சு வெறுவயித்தில குடிச்சா ஒக்சலேட் பளிங்கு கிட்னியில படிஞ்சு சில நாளிலயே கிட்னி செயலிழக்கும். இலங்கையிலயே டொக்டர்மார் இப்பிடி ஆக்களைப் பாத்து எழுதியிருக்கினம். கிட்னி ஏற்கெனவே பழுதான ஆளெண்டா ஒரு காமரங்காயே காணும், நிக்காத விக்கல், தடுமாற்றம், வலிப்பு மட்டும் போகும்.

இராசையா அங்கிள், பி.ப. 7:36
எடுத்திட்டன் தம்பி. அப்ப கிட்னியைக் காப்பாத்த என்ன செய்யிறது?

நிமலன் (பாமசி), பி.ப. 7:48
வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு சோதனை. இரத்தத்தில கிரியேட்டினின் எண்ட கழிவைப் பாத்து, கிட்னி எவ்வளவு வடிக்குது எண்டு காட்டிற ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கு. சலத்தில அல்புமின் (கிட்னி பழுதானாக் கசியிற புரதம்) கிரியேட்டினின் ரேஷியோ. வழமையான சலச் சோதனை (யூ.எஃப்.ஆர்.) இதுக்குக் காணாது, தொடக்கக் கசிவு அதில பிடிபடாமல் போகும். ரேஷியோ 30க்குக் கீழ நல்லது. 30இல இருந்து 300 மட்டும் கசியத் தொடங்கின கட்டம், மறிக்கிறதெண்டா இதிலதான் மறிக்கவேணும். விடிய முதல் போற சலம் நல்லது. காய்ச்சல், சலத்தில கிருமி இருக்கிற நாளில குடுத்தா பொய்யாக் கூடும். ஒருதரம் கூடுதலா வந்தா திரும்பப் பாக்கவேணும், மூண்டு தரத்தில ரெண்டு தரம் கூடுதலா இருந்தால்தான் உறுதி.

லொசாட்டன், எனலபிரில் எண்ட பிறஷர் குளிசை போடுற ஆக்கள் "பிறஷர் சரியாகிட்டு" எண்டு தாங்களா நிப்பாட்டவேண்டாம். அது கிட்னியின்ர வடியில அழுத்தத்தைக் குறைச்சு அல்புமின் கசிவைக் குறைக்குது. தொடங்கி ரெண்டு கிழமைக்குள்ள கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாக்கவேணும். முழங்கால் நோவுக்குச் சீட்டில்லாமல் டைக்ளோபெனக் வாங்கிப் போடுறது கிட்னிக்குக் கூடாது, நோவுக்குப் பரசிற்றமோல் காணும். சத்தி, வயித்தோட்டம் வந்து தண்ணி வத்தினா லொசாட்டன், சீனிக் குளிசையான மெற்ஃபோமின், எம்பாக்ளிஃப்ளோசின் இதுகளை அந்த ரெண்டொரு நாளைக்கு நிப்பாட்டுறதோ எண்டு டொக்டரை உடனை கேளுங்கோ. இன்சுலினை மட்டும் நீங்களா நிப்பாட்டக்கூடாது.

வசந்தி அன்ரி, பி.ப. 7:53
பிறஷரை ஆரும் சீனி அளவுக்குக் கவனிக்கிறேல்லை, அதுதான் எனக்குக் கவலை. 1998இல வந்த பிரித்தானிய யூ.கே.பி.டி.எஸ். ஆய்வில சீனி வருத்தக்காரரில ஒரு பகுதிக்குப் பிறஷர் சராசரி 144/82, மற்றப் பகுதிக்கு 154/87. அந்த 10 வித்தியாசத்தில பக்கவாதம் 44 வீதம் குறைஞ்சது. இப்ப 130/80க்குக் கீழ வைக்கப் பாப்பினம். வீட்டில பாக்கேக்க அஞ்சு நிமிசம் சாய்ஞ்சிருந்து, கையை நெஞ்சு உயரத்தில மேசையில வைச்சு, கதைக்காமல் ரெண்டுதரம் பாருங்கோ. தேத்தண்ணி குடிச்ச அரை மணித்தியாலத்துக்குள்ள பாக்கவேண்டாம்.

நஸ்ரினா, பி.ப. 8:02
சாப்பாட்டுக்கு நான் சொல்றன். பீங்கான்ல அரைவாசி மரக்கறி: வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, போஞ்சி, பாகற்காய். கால்வாசி மீன், கோழி இல்லாட்டிப் பருப்பு. கால்வாசிதான் சோறு. சோத்தோட கிழங்குக்கறியும் வெச்சா அது மரக்கறிக் கணக்குல சேராது, சோத்துக் கணக்கு. குரக்கன் புட்டு நல்லதுதான், அதுக்காக ரெண்டு மடங்கு சாப்பிட்டா சீனி ஏறத்தான் செய்யும். சாப்பிட்டுட்டுப் பத்துப் பதினஞ்சு நிமிசம் மரின் டிரைவ்ல நடந்தா சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்ற அளவு குறையும்.

கௌரி, அம்மா சீனியை இறக்கிற கிளிக்லசைட் குளிசை எடுக்கிறாவா? எடுத்தா கோயில் விரதம் கவனம். வேர்த்து, கை நடுங்கி, 70க்குக் கீழ போனா விரதத்தை அந்த இடத்துலயே முறிச்சு மூணு தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சுக் குடுங்க. 15 நிமிசத்துல திரும்பப் பாருங்க, ஏறலன்னா இன்னொருக்கா. மயங்கிட்டா வாயில ஒன்டும் ஊத்த வேணாம், 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க.

கௌரி, பி.ப. 8:06
எடுக்கிறா. குறிச்சு வைக்கிறன். கண்ணுக்குப் போன மாதம் கடையில புதுக் கண்ணாடி எடுத்தவ, அது காணுமோ?

வசந்தி அன்ரி, பி.ப. 8:11
காணாது. அது பார்வை அளவு மட்டும். பின்விழித்திரையில இரத்தக்கசிவு தொடங்கினாலும் பார்வை கனகாலம் தெளிவாவே இருக்கும். வருசத்துக்கு ஒருக்கா சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிச்சுப் பாக்கவேணும், கிளினிக்கில துண்டு கேட்டா தேசிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவினம். 8.6ஐ வேகமா இறக்கப்போறாங்கள் எண்டா அதுக்கு முதலே காட்டுங்கோ. சீனி சட்டெண்டு இறங்கேக்க இருக்கிற கண்வருத்தம் கொஞ்சக் காலம் கூடலாம். மருந்து விட்டா நாலஞ்சு மணித்தியாலம் மங்கலா இருக்கும், தனிய விடாமல் ஓட்டோவில கூட்டிக்கொண்டு போங்கோ. கறுப்புக் கண்ணாடி, பழைய ரிப்போர்ட், குளிசைப் பட்டியல் எல்லாம் கொண்டுபோங்கோ.