புதுப்பிப்பு: (2, -3), (-4, 9) வழியாகச் செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு

போன வாரம் மகளின் பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கேட்டிருந்தேன். எங்களுக்கு y = -x - 1 என்று வந்தது; இரண்டாவது புள்ளியைப் போட்டால் பொருந்தவில்லை. x = -4 என்றால் y = 3 வருகிறது, வர வேண்டியதோ 9.

தவறு கிடைத்துவிட்டது. சாய்வு (y-இன் மாற்றம் ÷ x-இன் மாற்றம்) காணும்போது 9 - (-3) என்பதை 9 - 3 என்று எழுதியிருக்கிறோம். அடைப்புக்குறியை விட்டதுதான் காரணம். சரியாக எழுதினால் 12-ஐ -4 - 2, அதாவது -6-ஆல் வகுக்க வேண்டும், சாய்வு -2. பிறகு y + 3 = -2(x - 2), சுருக்கினால் 2x + y - 1 = 0. இரண்டு புள்ளிகளும் பொருந்துகின்றன.

அவளுக்குச் சூத்திரத்தைவிட வரைபடத்தாள்தான் கைகொடுத்தது. (2, -3)-இல் பென்சிலை வைத்து, ஒரு கட்டம் இடப்பக்கம், இரண்டு கட்டம் மேலே என்று நகர்த்தினாள். ஆறாவது நகர்வில் பென்சில் சரியாக (-4, 9)-இல் போய் நின்றது. அந்த முகமலர்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம் அவளே கேட்டாள்: (2, -3), (2, 5) என்று கொடுத்தால்? வகுக்கும் எண் 2 - 2, அதாவது பூச்சியம் என்று வருவதால் சாய்வே வரையறுக்கப்படாது. ஆனால் கோடு இருக்கிறது, செங்குத்தாக. சமன்பாடு x = 2, அவ்வளவுதான்.