முன்தோல் இறுக்கம்: களிம்பா, அறுவையா?

வயது 44, ஊர் திண்டுக்கல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு டாபாக்ளிஃப்ளோசினும் போகிறது. முன்பு தடையில்லாமல் பின்னால் போன ஆண்குறி முன்தோல், தீபாவளிக்குப் பிறகு மெல்ல மெல்ல இறுகி இப்போது பாதிக்கு மேல் நகரவில்லை. நுனியில் வெளுத்து, தடித்த வளையம் ஒன்று. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் அதில் வெடிப்பு விழுந்து எரிகிறது. ஆறும்போது தழும்பாகி இன்னும் இறுகுகிறது.

சிறுநீர்த் தாரை சன்னமாகவில்லை, தோல் பலூன் போல உப்பவில்லை, காய்ச்சலும் இல்லை. பின்னால் போன தோல் திரும்ப வராமல் மாட்டிக்கொண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்பது தெரியும்; அப்படி நடக்கவில்லை.

முதலில் பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் களிம்பு, 2 வாரம். அரிப்பும் வெள்ளைப் படிவும் போயின, இறுக்கம் போகவில்லை. பிறகு தோல் மருத்துவர் சொன்னபடி பீட்டாமெத்தசோன் 0.05% (ஸ்டீராய்டு களிம்பு), காலையும் இரவும், வளையத்தின் மேல் மட்டும் மெல்லிசாக, 6 வாரம். கூடவே வலிக்காத அளவுக்கு இழுப்புப் பயிற்சி. லேசான இளக்கம், அவ்வளவுதான். சோப்பு நிறுத்தி வெறும் தண்ணீரில்தான் கழுவுவது. டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரலாம் என்பதால், மாத்திரையை மாற்றலாமா என்று சர்க்கரை மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். (தேங்காயெண்ணெய் வைத்தியம் தயவுசெய்து வேண்டாம்.)

யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) பக்கம் இன்னும் போகவில்லை. வெள்ளை வளையம் லைக்கன் ஸ்க்லரோசஸாக (தோல் வெளுத்துத் தழும்பாகி இறுகும் நாள்பட்ட அழற்சி) இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள நிலையில், இன்னும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பான க்ளோபெட்டசால் ஒரு சுற்று பார்ப்பது சரியா, அல்லது இப்போதே யூராலஜிஸ்ட்டிடம் முன்தோல் நீக்கம் பற்றிப் பேச வேண்டுமா?