உளியும் ஆப்பும் மட்டும்: வெடி இல்லாமல் கருங்கல் பிளந்தவர்கள் சொல்லுங்கள்

கல்கட்டு

மனைக்குள் ஒரு கருங்கல் உருண்டை. நீளம் 6 அடி, அகலம் 4, உயரம் 3. சுவர் ஒட்டிப் பக்கத்து வீடு, அதனால் வெடிக்கு வழியில்லை. சந்து குறுகல், கம்ப்ரசர் வண்டியும் நுழையாது. உளி, சம்மட்டி, ஆப்பு வைத்துப் பிளந்து அஸ்திவாரத்துக்கே போட்டுவிடலாம் என்று எண்ணம். கைவேலை தெரிந்தவர்கள் அளவு, முறை, எங்கே கெட்டுப்போகும் என்பதை விவரமாக எழுதினால் மற்றவர்களுக்கும் ஆகும்.

மேலூரான்

முதலில் எடைக் கணக்கு. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. உங்கள் கல் முழுச் சதுரமாக இருந்தால் 72 கன அடி, ஐந்தே கால் டன்னுக்கு மேல். உருண்டை என்பதால் கொஞ்சம் குறையும். பாதியாகப் பிளந்தாலும் ஒரு துண்டு இரண்டு டன் வரை இருக்கலாம். பிளந்த துண்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் உளியைக் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது கல் லேசாகப் பிளக்கிற திசை. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் கருங்கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிளக்காது. ஒரு திசையில் லேசாக விடும், இன்னொரு திசையில் சுமாராக, மூன்றாவதில் அடம் பிடிக்கும். கல்லை நன்றாகக் கழுவி, காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். அபிரகப் பொட்டுகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், அதுதான் சுலபமான வழி. வரிவரியாக ஓடும் கல் என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். பல்லாவரம் பக்கத்து நீலக் கருங்கல் மாதிரி வரியே இல்லாத கல்லில் கண்ணை நம்ப முடியாது. ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் சில் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் சில் தட்டையாகக் கழன்று வருகிறதோ அதுதான் வாட்டம். சிப்பி மாதிரி குழிந்து வந்தால் அது எதிர்ப்பக்கம்.

வெள்ளை ரேகை ஓடினால் அதற்குக் குறுக்கே கோடு போடாதீர்கள். பிளவு ரேகையைத் தொட்டதும் அதன் போக்கிலேயே திரும்பிவிடும். சுத்தியல் பட்டு மணி மாதிரி கேட்கிற இடம் நல்ல கல். பொத்தென்று கேட்டால் உள்ளே ஏற்கெனவே விரிசல் இருக்கிறது. அந்த இடத்தில் குழி வெட்டுவது வீண், விரிசலிலேயே கடப்பாரை போட்டுப் பாருங்கள்.

பட்டறை

குழியும் ஆப்பும் பற்றி நான் எழுதுகிறேன்.

காவி நனைத்த நூலை இழுத்துக் கட்டி, ஒரே தெறி தெறித்துக் கோடு போடுங்கள். கோட்டின் மேலேயே முனை உளியால் கால் அங்குல ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிளவுக்கு வழி காட்டுவது இந்த வாய்க்கால்தான். மேல் முகத்தோடு நிறுத்தாமல் இரண்டு பக்கவாட்டிலும் கீழே இறக்குங்கள்.

குழிகள் கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று 5 முதல் 6 அங்குல இடைவெளியில். வாட்டத்தோடு பிளப்பதானால் 8 அங்குலம் வரை விடலாம், எதிர்ப்பக்கமானால் 4. ஒரு குழி கோட்டின் போக்கில் 2 அங்குல நீளம், குறுக்கே 1 அங்குல அகலம், ஆழம் இரண்டரை முதல் 3 அங்குலம். குழி கீழே போகப் போகக் குறுகணும். ஆப்பு 3 அங்குல நீளம், மேலே ஒன்றே கால் அங்குலத் தடிமன், கீழே முக்கால்.

இதில் முக்கியமான விஷயம், ஆப்பின் நுனி குழியின் அடியைத் தொடவே கூடாது. அரை அங்குலமாவது காலி இருக்கணும். இரண்டு பக்கச் சுவரைத் தள்ளினால்தான் கல் பிளக்கும். நுனி அடியில் போய் உட்கார்ந்தால் அடிக்கிற அடி முழுக்கக் கீழே போய் ஆப்பு துள்ளி வெளியே வரும். ஆப்பு துள்ளினால் பெரிய சம்மட்டி தேடாதீர்கள். குழியை ஆழமாக்குங்கள், இல்லாவிட்டால் உள்ளே தங்கிய தூளைச் சுரண்டி எடுங்கள். பெரும்பாலும் தூள்தான் காரணம்.

ஆப்பு ரொம்பச் சரிவாக இருந்தாலும் நிற்காமல் எகிறும். ரொம்ப ஒல்லியானால் விரிக்காமலே இறங்கிவிடும். குழி வாய் பொடிந்து உதிர்கிற கல் என்றால் ஆப்புக்கு இரண்டு பக்கமும் பழைய டின் தகட்டைப் பட்டையாக வெட்டி வைத்து நடுவில் ஆப்பை இறக்குங்கள். தகடு வழுக்கும், வாயும் உடையாது.

வட்டக் குழி போட்டு இரண்டு இரும்புத் துண்டுக்கு நடுவே ஆப்பு வைக்கும் முறையும் உண்டு. முக்கால் அங்குல விட்டம், மூன்றரை அங்குல ஆழம் போதும். ஒவ்வொரு அடிக்கும் உளியை எட்டில் ஒரு பங்கு திருப்பணும், இல்லையென்றால் குழி முக்கோணமாகி உளி சிக்கும். உளி தேயத் தேய அதன் வாய் சிறுக்கும், குழியும் கூம்பாகும். அதனால் அகல உளியில் ஆரம்பித்து ஒடுக்கமானதில் முடிக்கணும். பாதியில் புது உளியை விட்டால் மாட்டிக்கொள்ளும். இரும்புத் துண்டுகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக உட்காரணும். திருப்பி வைத்தால் கோட்டின் போக்கில் தள்ளும், கல் குறுக்கே வெடிக்கும்.

ஓசூர்க்காரன்

வேலிக் கல்கால் பிளக்கிறவர்கள் மாற்றவே மாட்டாத விதி ஒன்று இருக்கிறது. எப்போதும் பாதி, பாதியில் பாதி. 4 அடி அகலப் பலகைக் கல்லை இரண்டு 2 அடி, அதை 1 அடி, கடைசியில் 6 அங்குலம். எட்டு கால் கிடைக்கும். அவசரப்பட்டு ஓரத்திலிருந்து 6 அங்குலம் மட்டும் கழற்றப் பார்த்தால் மேலே கோடு நேராகத் தெரியும், உள்ளே பிளவு எடை குறைந்த பக்கம் வளைந்து வெளியே வந்துவிடும். மேலே 6 அங்குலம், கீழே 2 அங்குலம் என்று கோணலாக ஒரு கால். வேலிக்கும் ஆகாது, ஜல்லிக்குத்தான்.

காரணம் எளிது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கல் இருந்தால் தள்ளும் விசைக்கு இரண்டும் சமமாக எதிர்த்து நிற்கும், பிளவு நடுவே நேராக இறங்கும். ஒரு பக்கம் மெலிந்தால் அந்தப் பக்கம் வளைந்து கொடுக்கும், பிளவும் அதோடு திரும்பும்.

உங்கள் கல் 6 அடி நீளம் என்றால் முதலில் 3 அடி, 3 அடியாகக் குறுக்கே. உருண்டைக்கு அளவில் பாதி வேண்டாம், எடையில் பாதி பாருங்கள். ஒரு தலை பெருத்திருந்தால் கோட்டை அந்தப் பக்கம் நகர்த்தணும். 3 அடி உயரத்துக்கு எல்லாக் குழியும் 3 அங்குலம் என்றால் போதாது. மூன்று குழிக்கு ஒரு குழி 6 அங்குலமாவது இறங்கட்டும், ஆப்பையும் அதற்கேற்ப நீளமாக அடித்துக்கொள்ளுங்கள்.

மேலூரான்

அடிக்கிற முறையை யாரும் சொல்லவில்லை, பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது.

எல்லா ஆப்பையும் கையால் வைத்து, சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டி ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாங்க. பிறகு 4 கிலோ சம்மட்டியில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆப்புக்கு ஒரு அடி வீதம். திரும்பி வரும்போதும் ஒரு அடிதான். ஒன்றையே போட்டு வாங்கினால் அந்தக் குழி வாய் உடைந்து சில் பறக்கும், மற்ற ஆப்புகள் தளர்ந்துபோகும். சத்தத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்வரம் ஏறிக்கொண்டே போகும். ஒரு ஆப்பு மட்டும் மந்தமாகக் கேட்டால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதை மட்டும் ஒரு தட்டு தட்டிச் சமப்படுத்துங்கள்.

எல்லாம் ஒரே மாதிரி கணீரென்று கேட்கத் தொடங்கியதும் சம்மட்டியைக் கீழே வையுங்கள். கால் மணி, பெரிய கல்லுக்கு அரை மணி. இறுக்கம் அப்படியே நிற்கிறது, அடி விழாவிட்டாலும் பிளவு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். சில நேரம் சும்மா இருக்கும்போதே கல் டப்பென்று விடும். சந்தேகமாக இருந்தால் கோட்டின் மேல் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். கல்லெல்லாம் வெளுத்தபிறகும் குழிக்குக் குழி முடி மாதிரி ஒரு ஈரக்கோடு கறுப்பாக நின்றால் பிளவு பிடித்துவிட்டது. கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தால் அங்கே இன்னொரு குழி வெட்டணும்.

பட்டறை

சம்மட்டி அளவு சரி. உளி நிலைக்கவில்லை என்று அடுத்து ஒருவர் வந்து கேட்பார், அதையும் எழுதிவிடுகிறேன்.

கடையில் வாங்கின உளியில் அப்படியே கருங்கல் வெட்டினால் சீக்கிரமே முனை மழுங்கிவிடும். உலையில் முனையிலிருந்து 2 அங்குலம் செக்கச்செவேல் என்று காய்ச்சி, நாலு பக்கமும் தட்டிக் கூர் எடுங்கள். வெள்ளையாகப் பொறி பறக்குமளவு காய்ச்சினால் இரும்பு வெந்துபோகும். அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான். கூர் எடுத்தபின் மறுபடி செம்மை ஏற்றி, முக்கால் அங்குலம் மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, உடைந்த கல் விளிம்பில் தேய்த்து முனையைப் பளிச்சென்று ஆக்குங்கள். மேலே தங்கின சூடு கீழே இறங்கி வரும்போது நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். கருங்கல்லுக்கு மஞ்சள் பழுப்பாகத் திரும்புகிற நேரத்தில் முழுசாகத் தண்ணீரில் போடணும். வெளிர் மஞ்சளிலேயே போட்டால் முனை ஒடியும், நீலம் வரை விட்டால் மழுங்கும். சம்மட்டி படும் தலைப்பக்கத்தை இப்படித் தோய்த்துக் கெட்டிப்படுத்தவே கூடாது.

தலை காளான் மாதிரி விரிந்த உளியை உடனே அரைத்துவிடுங்கள். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்தான் கண்ணைக் கெடுக்கிறது, கல் சில்லை விட மோசம்.

செம்பாறை

ராஜா காலத்தில் மர ஆப்பு வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள் என்கிறார்களே. இரும்புக்குப் பதில் அதைச் செய்யலாமா?

ஓசூர்க்காரன்

மணற்கல், அடுக்கடுக்காக வரும் கடப்பா மாதிரிக் கல்லுக்கு ஒத்து வரலாம். கருங்கல்லுக்கு அதை நம்பி உட்காராதீர்கள். மரம் ஊறி விரிவது உண்மைதான், ஆனால் விரிகிற அளவில் ஒரு பங்கை நசுங்கியே தின்றுவிடும். எப்படியும் குழியை இரும்பு உளியில்தானே வெட்டப்போகிறோம்? பிறகு ஆப்பு மட்டும் மரத்தில் எதற்கு?

மாமல்லபுரத்தில் வரிசையாக ஆப்புக் குழி வெட்டிய பாறைகளைப் பார்க்கலாம். அதைக் காட்டித்தான் இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆனால் எல்லாக் குழியும் பல்லவர் காலத்தது என்று சொல்லிவிட முடியாது, பின்னாலும் அங்கே கல் எடுத்திருக்கிறார்கள். அதைவிட, பாதியில் நின்றுபோன குடைவரைகளைப் பாருங்கள். பாறை முகத்தில் கட்டம் கட்டமாக வாய்க்கால் வெட்டி, நடுவில் நிற்கும் சதுரத்தைத் தட்டிக் கழற்றியிருப்பது அப்படியே தெரியும். வாய்க்கால் வெட்டினதும் சதுரத்துக்குப் பக்கப் பிடிமானம் போய்விடும், அடியில் மட்டும் ஒட்டி நிற்கும். ஆப்பு நுழைக்க இடமில்லாத மூலையில் இன்றைக்கும் இதே வேலைதான்.

மேலூரான்

தீ வைத்துப் பாறை கிளப்புவதையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மனைக்கு ஆகாது, தெரிந்துகொள்ள மட்டும்.

படுத்த பாறையில் பலகைக் கல் எடுக்க இது. பெங்களூர்ப் பக்கம் இந்த முறையில் 60 அடிக்கு 40 அடி, அரை அடித் தடிமனில் ஒரே பலகையாகக் கிளப்பியதை 1895இல் 'நேச்சர்' இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். விறகை ஒரே வரியாக எரியவிட்டு, முன்னால் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சத்தம் பொள்ளலாக மாறினால் அடியில் விட்டுவிட்டது, நெருப்பைச் சில அங்குலம் முன்னே தள்ளுவார்கள். சூட்டில் மேல் அடுக்கு விரியும், அடி குளிர்ந்தே இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாமல் தட்டையாகக் கழலும். ஒரே இடத்தில் நெருப்பு தங்கினால் மேல்முகம் சீவலாக வெடித்துப் பலகை பாழ். ஈரம் ஊறின பாறை என்றால் சில் துப்பாக்கி மாதிரி பறக்கும்.

வெள்ளைக்கல்

தூசி பற்றி யாரும் எழுதவில்லை. கருங்கல்லில் படிகக்கல் (குவார்ட்ஸ்) நிறைய. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கில் நின்றுவிடும், தெரியாத பொடிதான் நுரையீரலில் போய்த் தங்கும். அதனால் வரும் நுரையீரல் நோய்தான் சிலிகோசிஸ், வந்தால் குணமாகாது. துண்டு கட்டினால் பொடி நிற்காது, என்95 முகமூடி வேண்டும். குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டே உளி போடுங்கள், தூள் சேறாகி வரும், கம்பிக் கரண்டியால் வழித்துவிடலாம். வாயால் ஊதவே ஊதாதீர்கள், நேரே கண்ணுக்கும் மூக்குக்கும்தான் வரும். மூடின கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம்.

இன்னொன்று, உடைத்த கல்லை வெளியே விற்க நினைத்தால் பட்டா நிலமே ஆனாலும் 1959ஆம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகள் குறுக்கே வரும். லாரி ஏற்றுவதற்கு முன் கனிமவளத் துறையில் கேட்டுவிடுங்கள்.

கல்கட்டு

விற்கிற எண்ணம் இல்லை. ஒரே சந்தேகம்: கல்லின் அடி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. மேலே பிளந்தாலும் அடியில் பிடித்துக்கொள்ளுமா?

ஓசூர்க்காரன்

பிடிக்கும். சுற்றிலும் அடி தெரிகிற வரை மண்ணை எடுங்கள். மண் நெருக்கிக்கொண்டிருந்தால் ஆப்பு தள்ளுகிற தள்ளுக்குக் கல் நகர இடமில்லை, எத்தனை ஆப்பு போட்டாலும் வாய்தான் உடையும். அடி முழுக்க ஒரே பாறையாகப் பூமிக்குள் போகிறது என்றால் அது உருண்டை இல்லை, கதையே வேறு. பக்கவாட்டில், தரை மட்டத்தில் படுக்கையாகக் குழி வரிசை வெட்டி முதலில் அடியைக் கழற்றணும்.

தனி உருண்டைதான் என்றால், கோட்டுக்கு நேர் கீழே அடியில் ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்து இரண்டு ஓரத்திலும் மண்ணைத் தளர்த்துங்கள். கல் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழப் பார்க்கும், ஆப்புக்குப் பாதி வேலை மிச்சம். ஓரங்களில் பாதுகாப்புக்கு மரக்கட்டை, கல்லைத் தொடாமல் ஒரு அங்குலம் தள்ளி. பிளவு விட்டதும் ஆப்பைப் பிடுங்காதீர்கள். கடப்பாரையை நுழைத்து நெம்பும்போது இரண்டாம் ஆள் இடைவெளியில் சல்லிக்கல்லைப் போட்டுக்கொண்டே வரணும், கையை விடாமல் குச்சியால் தள்ளி. கடப்பாரை வழுக்கினாலும் கல் திரும்பி மூடாது. ஒரு சாண் திறந்தபிறகு ஆப்புகள் தாமாகவே கீழே விழும், அப்போது பொறுக்கிக்கொள்ளலாம்.