16,500 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு முக்கால் டன் ட்ரக் போதுமா?

ஊர்சுற்றி (டல்லாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு வருடம் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரிலேயே (பிக்கப் ட்ரக்கின் பின் தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் வீட்டு ட்ரெய்லர்) குடும்பத்தோடு இருக்கப் போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். பார்த்து வைத்திருக்கும் ட்ரெய்லர் 41 அடி. காலி எடை 13,400 பவுண்டு, முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை 16,500. கிங்பின் எடை, அதாவது ட்ரெய்லரின் இணைப்பு முனை ட்ரக் மேல் வைக்கும் பாரம், 2,650 என்று விளம்பரத் தாளில் இருக்கிறது.

ட்ரக் 2021 ராம் 2500 (முக்கால் டன் ரகம்), கம்மின்ஸ் டீசல், நல்ல நிலையில் இருக்கிறது. கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரில் பேலோட் (ட்ரக் மேல் ஏற்றக்கூடிய சுமை) 2,140 பவுண்டு, பின் ஆக்சில் வரம்பு 6,500. "இருபதாயிரம் பவுண்டு இழுக்கும் வண்டி சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார் விற்பவர். கொலராடோ, யூட்டா மலைகளுக்கும் போவோம். முன்பணம் கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை (ஹூஸ்டன்)

கொடுக்காதீர்கள். அவர் சொல்வது இழுக்கும் திறன். உங்களுக்கு முதலில் முட்டப்போவது தாங்கும் திறன்.

பம்பரில் மாட்டும் சாதாரண ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ட்ரக் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 20 முதல் 25 சதவீதத்தை நேராகப் பின் ஆக்சிலுக்கு மேலே வைக்கும். அந்த 2,650 வெறும் ட்ரெய்லரை வைத்துச் சொன்னது. பேட்டரி, கேஸ் சிலிண்டர், துணிமணி, பாத்திரம் எதுவும் அதில் இல்லை. பெரும்பாலான மாடல்களில் பெரிய சாமான் அறை முன்பக்கப் படுக்கையறைக்குக் கீழே இருக்கும். நீங்கள் ஏற்றுவதில் பெரும்பகுதி கிங்பின் மேல்தான் வந்து உட்காரும்.

16,500-இல் 22 சதவீதம் 3,630. ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் 200. நால்வருக்கும் சேர்த்து 550 என்று வையுங்கள். கருவிப் பெட்டி, தண்ணீர், சில்லறைச் சாமான் 150. மொத்தம் 4,530. ஸ்டிக்கர் சொல்வது 2,140. ஓட்டுநரும் அந்த 2,140-க்குள் அடக்கம். இரண்டு மடங்குக்கு மேல் போகிறீர்கள்.

பழைய டீசல் (அமரில்லோ)

ஸ்டிக்கரைக் காட்டிப் பயமுறுத்துவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த 2,140 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ட்ரக்கின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. அதைத் தாண்டினால் அடுத்த வகுப்பு வண்டி, சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் விதிகளும் மாறும். அதற்காகவே கம்பெனிகள் முக்கால் டன் ட்ரக்குகள் பலவற்றை 10,000-இல் நிறுத்துகின்றன. அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவது பேலோட். டீசல் இன்ஜின் கனம், அதனால் மீதி குறைவு. ஃபோர்டு எஃப்-250யும் (முக்கால் டன்) ஒற்றைச் சக்கர எஃப்-350யும் (ஒரு டன், பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர்) ஒரே ஃப்ரேம், ஒரே இன்ஜின், ஒரே பிரேக். காகிதத்தில் மட்டும் பலம் கூடிவிடுமா?

நான் பார்ப்பது ஆக்சில் வரம்பும் டயர் வரம்பும்தான். முக்கால் டன்னில் 15,000 பவுண்டை வருடக்கணக்காக நியூ மெக்சிகோவுக்கு இழுத்துப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை

10,000 பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அவர் கேட்பது ராம். 2014 முதல் ராம் 2500-இன் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், 3500-இல் லீஃப் ஸ்பிரிங். அங்கே இரும்பே வேறு.

சரி, உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அந்த டீசல் ட்ரக் காலியாக நிற்கும்போதே பின் ஆக்சிலில் 3,200 பவுண்டுக்குக் குறையாது. அதோடு கிங்பின் 3,630, ஹிட்ச் 200. மொத்தம் 7,030. வரம்பு 6,500. பின்சீட்டில் பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை. டயரைப் பாருங்கள்: 275/70 ஆர்18, ஈ ரகம், 80 பி.எஸ்.ஐ. காற்றில் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும், இரண்டும் சேர்த்து 7,280. ஆகஸ்ட் மாத டெக்சாஸ் தார்ச்சாலையில் வெறும் 250 பவுண்டு இடைவெளியோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகச் சொல்வீர்களா?

பழைய டீசல்

22 சதவீதம் என்பது உங்கள் கணிப்பு. பின்பக்கம் சமையலறை இருக்கும் மாடல் 19, 20-இல் நிற்கும். 16,500 முழுவதும் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துப் போனால் பல நூறு பவுண்டு குறையும். பின் ஸ்பிரிங்கோடு ஏர் பேக் (காற்றுப்பை) போட்டால் பின்பக்கம் அமுங்காது. இதற்காக ஒரு குடும்பம் கூடுதலாக இருபதாயிரம் டாலர் செலவழிக்க வேண்டுமா?

ஆறு சக்கரம் (ஷையென், வயோமிங்)

ஏர் பேக் ட்ரக்கை மட்டமாக நிறுத்தும், அவ்வளவுதான். ஆக்சிலும் வீலும் டயரும் பிரேக்கும் பழையவைதான். சமமாக நிற்கிறது என்பதால் பாரம் குறைந்துவிட்டது என்று நம்பவைக்கிறது, அதுதான் எனக்குப் பயம்.

நீங்கள் யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை. லாரமியிலிருந்து ராலின்ஸ் வரை ஐ-80 சாலையில் எல்க் மவுண்டன் பக்கம் குளிர்காலத்தில் வந்து பாருங்கள். உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடும் அளவுக்குக் காற்று அடிக்கும். 13 அடி உயரச் சுவர் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அந்தச் சுவர் தள்ளும்போது அகலமாக ஊன்றிய நான்கு பின் டயர்கள் இருந்தால் ஸ்டீயரிங்கில் தெரியும். நான்கில் ஒன்று வெடித்தால் ஓரம்கட்ட மற்ற மூன்று இருக்கின்றன. ஒற்றைச் சக்கரத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை.

டூவலி, அதாவது பின்னால் நான்கு டயர் உள்ள ஒரு டன் டீசலுக்குப் பேலோட் 5,000-ஐத் தாண்டும். 16,500-க்கு இதுதான் ட்ரக். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

தெருமுனை (சான் ஹோசே)

விவாதிக்க இருக்கிறது, ஆறு சக்கரம் அண்ணா. இவர்களுக்கு ஒரு வருடத்துக்கு இருக்கப்போகும் ஒரே வண்டி இந்த ட்ரக். ட்ரெய்லரை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மளிகைக்கடை, பல் டாக்டர், நூலகம், மலையேற்றப் பாதை என்று எல்லாவற்றுக்கும் அதில்தான் போக வேண்டும். எட்டடி அகல ட்ரக்கை எந்த பார்க்கிங்கில் சொருகுவீர்கள்? கார் வாஷ் கிடையாது, டிரைவ்-த்ரூவில் சக்கரம் நடைமேடையில் உரசும், மண்பாதையில் ஈரம் இருந்தால் இரட்டை டயர் சறுக்கும். இழுக்கும் நாட்களை விட இழுக்காத நாட்கள்தான் அதிகம்.

ஒற்றைச் சக்கர ஒரு டன் வாங்குங்கள். டீசலிலேயே 4,000 பவுண்டை ஒட்டிப் பேலோட் கிடைக்கும். ட்ரெய்லரை 34, 35 அடிக்கு இறக்குங்கள். தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்களில் 41 அடியை நிறுத்த இடம் தேடியே அலுத்துப்போவீர்கள். ட்ரெய்லர் முடிவாகிவிட்டது, ட்ரக் மட்டும் பாக்கி என்று யோசிப்பதே தலைகீழ் என்பது என் கருத்து.

ஆறு சக்கரம்

பார்க்கிங்கில் கடைசி வரிசையில் நிறுத்தி நடந்து வரலாம். ரோட்டில் கவிழ்ந்தால் நடந்து வர முடியாது. திரும்பக் கஷ்டம் என்பவர்கள் எஃப்-450 பிக்கப்பை ஓட்டிப் பாருங்கள். முன் ஆக்சில் அகலமானது என்பதால் சக்கரத்தைக் கூடுதலாக ஒடித்துத் திருப்பலாம். எஃப்-350 டூவலியை விடச் சிறிய வட்டத்தில் திரும்பும்.

ஊர்சுற்றி

எல்லோருக்கும் நன்றி. ராம் 2500 வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். ட்ரெய்லரைச் சின்னதாக்கலாம் என்பதை மனைவி உடனே பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்பது என் பிடிவாதம். அது இன்னும் பேச்சில் இருக்கிறது.

வேறொரு கேள்வி. ஃபோர்டு எஃப்-350, 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டீசலை விடப் பத்தாயிரம் டாலர் வரை குறைவு. அதை எடுத்தால் என்ன?

சிக்கனம் (ஃபீனிக்ஸ்)

தாராளமாக எடுங்கள். இன்ஜின் எடை குறைவு என்பதால் அதே ட்ரக்கில் பேலோட் பல நூறு பவுண்டு கூடும். இவ்வளவு நேரம் எல்லோரும் தேடிக்கொண்டிருப்பதே அதைத்தானே? டீசல் புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். திரவம் ஊற்ற வேண்டாம், புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு பட்டறையில் நிற்க வேண்டாம், ஆயில் மாற்றச் செலவும் குறைவு. ஒரு இடத்தில் ஒரு மாதம் தங்கி, அடுத்த ஊருக்கு 200 மைல் போகிறவர்களுக்கு டீசல் எதற்கு? 430 குதிரைத்திறன் இருக்கிறது.

மலைப்பாதை (டென்வர்)

கடல் மட்டத்தில் 430. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஐ-70-இல் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. அங்கே உங்கள் 430 மூன்றில் ஒரு பங்கை இழந்து 290-க்கு வந்திருக்கும். டர்போ டீசல் இந்த இழப்பில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும்.

ஏறுவது கூடப் பரவாயில்லை, பொறுமையாக ஏறலாம். நான் கவலைப்படுவது இறங்குவதைப் பற்றி. சுரங்கத்திலிருந்து மேற்கே சில்வர்தோர்ன் வரை 7 சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகளுக்காக ஓரத்தில் சரளைக்கல் ஏற்றங்கள் அமைத்து வைத்திருக்கிறார்கள். ட்ரக்கும் ட்ரெய்லருமாக 25,000 பவுண்டை அங்கே கால் பிரேக்கில் பிடித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவது) போட்டால் வண்டி ஒரே வேகத்தில் இறங்கும், காலை எப்போதாவது வைத்தால் போதும். நான் டீசலுக்குக் காசு கொடுத்தது அதற்காகத்தான்.

சிக்கனம்

மெதுவாகப் போவது ஆபத்தில்லை. இழுக்கும் திறனை அளக்கும் எஸ்.ஏ.இ. ஜே2807 சோதனையே அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தை வைத்து எழுதியதுதான். ஏ.சி. முழுக்க ஓட, ஒற்றைச் சக்கர ட்ரக் 40 மைல் வேகம், டூவலி 35 மைல் வேகம் குறையாமல் ஏறினால் போதும் என்று அதிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். இறக்கத்தில் 10 கியர் இருக்கிறது, பாரம் இழுப்பதற்கென்றே கியர் மாறும் டோ-ஹால் மோட் இருக்கிறது, ட்ரெய்லருக்கும் தனி பிரேக் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கியரைக் குறைத்து 35-இல் இறங்குங்கள். வருடத்தில் சில முறை வரும் மலைக்காகப் பத்தாயிரம் டாலரா?

மலைப்பாதை

டேவிஸ் டாம் ஏற்றத்தின் உச்சி 4,000 அடியைக் கூடத் தொடாது. அந்தச் சோதனையில் வெயில் உண்டு, கொலராடோவின் மெல்லிய காற்று கிடையாது. உல்ஃப் கிரீக் கணவாய்க்கு ஒரு முறை போய்விட்டு வந்து எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை

இன்ஜின் சண்டை எப்போதும் முடியாது, ஓட்டுநர் உரிமத்தை யாரும் சொல்லவில்லையே. டெக்சாஸில் ட்ரக் வரம்பும் ட்ரெய்லர் வரம்பும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டி, ட்ரெய்லர் 10,000-க்கு மேல் இருந்தால் வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். டூவலி 14,000 கூட்டல் 16,500, மொத்தம் 30,500. அந்த ராம் 2500-ஐ வாங்கியிருந்தாலும் 26,500 ஆகியிருக்கும். தேர்வுக்கு இப்போதே நாள் வாங்குங்கள்.

தெருமுனை

கலிஃபோர்னியாவில் 15,000-க்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு இதே கதைதான். சின்ன ட்ரெய்லர் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய டீசல்

உரிமத்தில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, எடுத்துவிடுங்கள். முக்கால் டன் பற்றிய என் கருத்து மாறவில்லை. 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்று இறங்கினால் நல்ல டீசல் எஃப்-250 ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஊர்சுற்றி

இப்போதைக்கு இரண்டு வழி: 41 அடியோடு டூவலி டீசல், அல்லது 35 அடியோடு ஒற்றைச் சக்கர எஃப்-350. இரண்டு ட்ரக்கையும் ஓட்டிப் பார்க்க இந்தச் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். டூவலி கதவில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இல்லை என்கிறார்கள். ட்ரெய்லர் கையில் இல்லாமல் இடம் எவ்வளவு மிச்சம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப்பிள்ளை

10,000-ஐத் தாண்டிய ட்ரக்குகளில் அந்த ஸ்டிக்கர் கட்டாயமில்லை. விற்பவரிடம் கேட்டு, டேங்கை நிரப்பி, நால்வரும் ஏறி, நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT) எனும் லாரி எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாகச் சீட்டில் வரும். கதவில் இருக்கும் மொத்த எடை வரம்பிலிருந்து சீட்டின் மொத்தத்தைக் கழியுங்கள், ஹிட்சுக்கு 200, சாமானுக்கு 150 கழியுங்கள். மிச்சம் இருப்பது கிங்பினுக்கான இடம். பின் ஆக்சிலுக்கும் தனியாக இதே கணக்கைப் போடுங்கள், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. 41 அடிக்கு அது 4,125 இருந்தால் 25 சதவீதம் வரை தாங்கும். ட்ரெய்லர் வந்ததும் மாட்டிக்கொண்டு ஒரு எடை, கழற்றிவிட்டு ட்ரக்கை மட்டும் ஒரு எடை போடுங்கள். அதே இடத்தில் 24 மணி நேரத்துக்குள் போட்டால் இரண்டாவது எடைக்குக் கட்டணம் குறைவு. சீட்டுகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.