ஏற்காட்டு மழைக்கு நெட் இல்லாமல் ஓடுகிற கேம், படம், சீரிஸ் ஏதாவது சொல்லுங்க

நாகலூர்காப்பி:

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். காலையில் மஸ்டர் (வேலையாட்கள் வருகைக் கணக்கு) போடுவதில் ஆரம்பித்து சாயங்காலம் கணக்கு முடிக்கிற வரை ஓட்டம்தான். ஆறு மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது. மழை பிடித்துவிட்டால் வாசலைத் தாண்ட முடியாது, பனி இறங்கிவிட்டால் எதிர்வீட்டு லைட்டே தெரியாது. அந்த நேரம் பார்த்து நெட் போகும். கூடவே கரண்டும் போகும், சொல்லிக்கொண்டெல்லாம் போகாது.

வீட்டில் நாலு பேர், டிவி ஒன்று. மகள் நாலாவது படிக்கிறாள், அவளுக்கு கேம் வேண்டும். மனைவிக்கு சீரிஸ், அதுவும் முதல் பத்து நிமிஷத்துக்குள் யாராவது செத்திருக்க வேண்டும். மாமனாருக்கு ஜெய்சங்கர் படம். புது சீரிஸ் எதைப் போட்டாலும், "ஏம்மா, இவனுக லைட்டுக்குக் காசு கட்டலையா? ஒரே இருட்டா இருக்கு" என்கிறார். இதில் நான் அவர் கட்சி. பகலில் சீரிஸ் போட்டால் டிவியில் என் மூஞ்சிதான் தெரிகிறது.

மச்சான் பெங்களூருக்குக் குடிபோகும்போது அவனுடைய பிஎஸ்4 ஸ்லிம்மை (டிவியில் மாட்டி கேம் ஆடுகிற மெஷின்) எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். கன்ட்ரோலர் இரண்டு இருக்கிறது. அதில் ஏற்றியிருந்த ஒரு கார் கேமைப் போட்டால் 'இணைய இணைப்பு இல்லை' என்று நிற்கிறது. நான் தனியாகக் கார் ஓட்டுவதற்கு எவனுக்கு என்ன நெட் வேண்டும்? இது போக, மனைவி காலேஜில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று இருக்கிறது. இன்னும் ஓடுகிறது, மெதுவாக.

நெட் இல்லாமல் ஓடணும். நடுவில் கரண்ட் போனால் அழுகை வராத மாதிரி இருக்கணும். துப்பாக்கி கேம் வேண்டாம், இது மேலிடத்து உத்தரவு. நானும் மகளும் சேர்ந்து ஆடுகிற மாதிரி இருந்தால் நல்லது. மாமனாருக்கும் ஏதாவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.


குகைக்காரன்:

அண்ணா, சேலத்தில் பிஎஸ்2 வைத்து மணிக் கணக்குக்கு வாடகைக்கு விட்ட ஆள் நான். பசங்க எதுக்கு அழுவாங்க, எதுக்குக் கன்ட்ரோலரைத் தூக்கி அடிப்பாங்க என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் கேமுக்கு முன்னாடி கரண்டைப் பேசிடுவோம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கா? இருந்தால் அதன் பின்பக்கம் பாருங்க. நிறைய மாடலில் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் கரண்ட் போகும்போது சீக்கிரம் மாற்றிக்கொள்ளும், பிஎஸ்4 அணையாது. சாதா நிலையில் ஃபேனும் லைட்டும் ஒரு சிமிட்டலோடு தப்பிக்கும், பிஎஸ்4 படுத்துவிடும். கேம் சேவ் ஆகிற நேரத்தில் அப்படிப் படுத்தால்தான் வம்பு, ஃபைலே கெட்டுப்போகும். ஸ்லிம் மாடலும் 32 இஞ்ச் எல்இடி டிவியும் சேர்ந்தால் சுமார் 150 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி புதுசாக இருந்தால் கணக்குப்படி எட்டு மணி நேரம் தாங்கணும். பழைய பேட்டரி என்றால் பாதி. போதாதா?

அடுத்தது நெட். மச்சான் கேமை டவுன்லோடு பண்ணி வாங்கியிருந்தால், அந்த மெஷினை அவருடைய அக்கவுண்டில் 'பிரைமரி' என்று ஆக்கிவிடச் சொல்லுங்க. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் லைசென்ஸ் பார்க்க நெட் கேட்கும். ஒருமுறை கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து, நல்ல நெட்டில் மாட்டி, எல்லா அப்டேட்டையும் இறக்கிட்டுத் தூக்கிட்டுப் போங்க. டிஸ்க்கில் வாங்குவது இன்னும் நிம்மதி, ஆடி முடித்ததும் விற்கலாம். சில கார் கேமை மட்டும் ஒன்றும் பண்ண முடியாது. தனியாக ஓட்டினாலும் சர்வரைக் கேட்டுத்தான் ஓடும், அது கம்பெனிக்காரன் வைத்த விதி.

இப்போ கேம். அப்பா-மகள் ஜோடிக்கு என் முதல் ஓட்டு 'இட் டேக்ஸ் டூ'. 2021-ல் வந்தது, அந்த வருஷத்து கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் பட்டம் அதுக்குத்தான். ஒரே ஆளாக ஆடவே முடியாது, இரண்டு பேர் கட்டாயம். திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும். ஒருத்தர் கையில் சுத்தியல், இன்னொருத்தர் கையில் ஆணி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுசாக ஒன்று தரும். நீங்க ஆணியை அடிச்சுக் கொடுத்தால்தான் பாப்பா சுத்தியலை அதில் மாட்டித் தொங்கித் தாண்டும். 'ஓவர்குக்ட்' நல்ல கேம்தான், ஆனால் வீட்டில் சண்டை நிச்சயம். வெங்காயம் நறுக்கலையா, தட்டு கழுவலையா என்று கத்துவீங்க. அதை நிஜ சமையலறையிலேயே ஓசியில் ஆடிக்கலாம்.

லேப்டாப்புக்கு 'ஸ்டார்டியூ வேலி'. 2016-ல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, கதை, நிரல் எல்லாம் தானே உட்கார்ந்து செய்தார், நாலு வருஷத்துக்கு மேல். விவசாயம் பண்ணணும், மாடு வளர்க்கணும், மீன் பிடிக்கணும். அரசாங்க லேப்டாப்பே அதுக்குத் தாராளம். பிஎஸ்4-லும் உண்டு, அதில் இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். உங்க ஊருக்கு இதில் ஒரு வசதி: விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்குக் கால் மணி நேரத்துக்கும் குறைவு, ராத்திரி படுத்ததும் சேவ் ஆகும். கரண்ட் போனாலும் அந்த ஒரு நாள்தான் போச்சு.

அதில் காப்பியும் பயிர் பண்ணலாம். நீங்க சொல்லிக்கொடுத்தால் பாப்பா பிச்சு உதறும்.


மணியனூர்மாப்ள:

கேரம் போர்டு. கரண்ட் வேண்டாம், நெட் வேண்டாம், அப்டேட் கேட்காது. பவுடர் மட்டும் வாங்கி வைங்க.


அம்மாபேட்டைஅக்கா:

குகைத் தம்பி நல்லா சொன்னாப்ல. ஆனா 'இட் டேக்ஸ் டூ' விஷயத்தில் ஒன்றை முழுங்கிட்டாப்ல. அந்தக் கதையே விவாகரத்து பண்ணப்போகிற அப்பா அம்மாவைப் பற்றியது. மகளோட கண்ணீர் பட்டு இரண்டு பேரும் பொம்மை ஆகிவிடுவாங்க. மறுபடி மனுஷங்களாக மாற மகளை அழவைக்கணும் என்று நினைச்சுக்கிட்டு, அவளுக்குப் பிடிச்ச யானை பொம்மையைத் தேடிப் போவாங்க. அந்த யானை என்னை விட்டுடுங்க என்று கெஞ்சும். இவங்க அதன் காலைப் பிடித்துத் தரதரன்னு இழுப்பாங்க, காது பிய்ஞ்சு வரும். அதைச் செய்ய பட்டனை அழுத்தறது நீங்களும் உங்க மகளும்! என் சின்னவன் அன்னிக்கு ராத்திரி சோறே திங்கலை. கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு, "நீயே பண்ணும்மா, நான் பண்ண மாட்டேன்"னு உள்ளே போயிட்டான். எனக்கென்னவோ அந்தக் கேமை எழுதினவங்க அந்த இடத்தில் குழந்தையை மறந்துட்டாங்கன்னுதான் தோணுது. மத்தபடி அருமையான கேம், இல்லைன்னு சொல்லலை. அந்த இடம் வரும்போது பாப்பாவைத் தண்ணி கொண்டுவர அனுப்பிட்டு நீங்க முடிச்சிடுங்க.

அதுக்குப் பதிலா லேப்டாப்பில் 'வெண்பா' போடுங்க. 2023-ல் வந்தது. கனடாவுக்குக் குடிபோன நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று, 1980-கள்ல ஆரம்பிக்கிற கதை. அம்மா பேர்தான் வெண்பா. ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கிடக்கும். மிச்சம் என்ன எழுதியிருக்கும்னு ஊகிச்சு சமைக்கணும், அதுதான் ஆட்டம். முதல்ல இட்லி. தட்டை எப்படி அடுக்கறதுன்னு அதில் ஒரு புதிர். வெளிநாட்டுக்காரங்க அங்கே முழிச்சிருப்பாங்க. எங்க வீட்டில் அடுப்பங்கரையில் இருந்தபடியே மாமியார் விடை சொல்லிட்டாங்க. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் முடிஞ்சிடும். அதுவே ஒரு குறைதான். நல்லா இருக்கேன்னு சாய்ஞ்சு உட்காரும்போது பேர் ஓட ஆரம்பிச்சிடுது, கொடுக்கிற காசுக்கு இன்னும் நாலு சமையல் வைத்திருக்கலாம். பிரிட்டன்காரங்க கொடுக்கிற பாஃப்டாவில் அறிமுக விளையாட்டுக்கான விருதெல்லாம் வாங்கியிருக்கு. பிஎஸ்4-க்கு வரலை, அதனால லேப்டாப்தான். எவ்வளவு ராம் கேக்குதுன்னு வாங்கறதுக்கு முன்னால பார்த்துக்கோங்க.

சீரிஸ் உங்க வீட்டம்மாவுக்கு. 'விலங்கு' பார்க்கலைன்னா பார்க்கச் சொல்லுங்க, ஏழு பாகம், விமல் நடிச்சது. ஒரு போலீஸ் ஸ்டேஷன் நிஜமா எப்படி இருக்கும்னு அதில்தான் பார்த்தேன். எஸ்.ஐ.க்கு வீட்டிலிருந்து போன் வந்துக்கிட்டே இருக்கும், அவர் பாதி கவனத்தில் விசாரிப்பார். பாப்பா தூங்கின அப்புறம் மட்டும் போடணும், பேச்சும் அடியும் அப்படி. 'சுழல்' முதல் சீசனும் அதே மாதிரி, குழந்தைகளோட உட்கார்ந்து பார்க்கிற விஷயம் இல்லை. அதில் மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதைக்குள்ள கொண்டுவந்த விதம் எனக்குப் பிடிச்சது. ரொம்ப இழுத்துட்டாங்க, ஆறு பாகத்தில் முடிச்சிருக்கலாம்.

டவுன்லோடு பண்ணி வைக்கிறீங்கன்னா ஒன்று: சிலதெல்லாம் ஒரு தரம் தொட்டுட்டா 48 மணி நேரத்தில் காலாவதி ஆயிடும். அதனால ஒன்னை முடிச்சிட்டு அடுத்ததை ஆரம்பிங்க.

பாப்பாவுக்குப் படம்னா 'மை நெய்பர் டோட்டோரோ'. ஜப்பான் படம், 1988. பேச்சு புரியாட்டியும் பரவாயில்லை. கொட்டற மழையில பஸ் ஸ்டாப்ல தங்கச்சியை முதுகில சுமந்துக்கிட்டு அக்கா அப்பாவுக்காக நிக்கும், பக்கத்தில பூதம் மாதிரி ஒன்னு வந்து நிக்கும். படத்தில வில்லனே கிடையாது. ஏற்காட்டில மழையில உட்கார்ந்து பார்க்க அதைவிட என்ன வேணும்?


நாகலூர்காப்பி:

அக்கா, யானையைப் பற்றிச் சொன்னது நல்லதாப் போச்சு. எங்க வீட்டிலும் ஒரு யானை பொம்மை இருக்கிறது, ஒரு காது ஏற்கெனவே இல்லை. இன்வெர்ட்டர் சுவிட்சையும் பார்த்துவிட்டேன், இருக்கிறது. இத்தனை வருஷம் அதை யாரும் தொட்டதில்லை, மேலே சிலந்திக் கூடு.

ஆனால் குகைக்காரரே, ஸ்டார்டியூ காப்பி விஷயத்தில் நான் உங்களிடம் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன். விதை போட்டுப் பத்து நாளில் காய்க்கிறதாம். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருமுறை நாலு கொட்டை. கோடை முடிந்ததும் செடி செத்துவிடுமாம்! இங்கே நாற்று நட்டால் முதல் காய் பார்க்க மூணு நாலு வருஷம். மார்ச், ஏப்ரலில் பூமழை வரணும். வராவிட்டால் மொட்டு மொட்டாகவே நிற்கும், முதலாளி முகத்தைப் பார்க்க முடியாது. வந்தால் ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். பழம் நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை. அதையும் ஒரே தடவையில் உருவ முடியாது. சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கணும், பச்சை கலந்தால் எடை போடுகிற இடத்தில் மேஸ்திரி சத்தம் போடுவார். தண்டு துளைப்பான் பூச்சி விழுந்தால் செடியை வேரோடு பிடுங்கி எரிக்கணும். இதில் எதுவுமே அந்தக் கேமில் இல்லை. நிழல் மரம்கூட வேண்டாமாம், வெட்டவெளியில் காப்பி! 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்த காலத்திலிருந்து எவனும் இப்படி லாபம் பார்த்ததில்லை.

காக்காய்க்கு ஒரு சோளக்கொல்லை பொம்மை வைத்தால் போதும் என்கிறது. காட்டெருமைக்கு என்ன வைக்கணும்?

மகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அஞ்சு கொட்டையைப் பீப்பாயில் போட்டால் ஒரு காப்பி வருகிறது, குடித்தால் ஆள் வேகமாக ஓடுகிறான். "பாத்தியாப்பா, இது மட்டும் நிஜம்" என்கிறாள்.

மாமனாருக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை.


கன்னங்குறிச்சிதாத்தா:

தம்பி, உங்கள் மாமனார் ஜெய்சங்கர் ரசிகர் என்றால் கை குலுக்கணும். நீங்கள் மலையிறங்கிச் சேலம் வரும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வளைவைத் தாண்டித்தானே வருகிறீர்கள்? அந்த வளைவுக்குள் எடுத்த படங்களாகவே போட்டுக் காட்டுங்கள். 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' இரண்டும் 1966. 'சிஐடி சங்கர்' 1970. வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், அந்தப் புகார் வராது. சுவர் ஆடும், துப்பாக்கி பொம்மை என்று தெரியும், ஆனால் கதை ஒரு நிமிஷம் நிற்காது. இப்போது எட்டு மணி நேரம் இழுக்கிற துப்பறியும் கதையை அவர்கள் பாட்டும் சண்டையும் சேர்த்து இரண்டரை மணி நேரத்தில் முடித்தார்கள்.

பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைப்பதென்றால் 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான், டி.ஆர். சுந்தரம் எடுத்தது. குகை திறக்கிற இடம் எந்தக் காலத்துப் பிள்ளைக்கும் பிடிக்கும். 'மந்திரிகுமாரி'யும் போடலாம், 1950. வசனம் கருணாநிதி. நடுவில் நீளமாகப் பேசுவார்கள், பேத்தி நெளிவாள், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் மலையுச்சிக்கு மனைவியைக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்ப்பான் புருஷன். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை சுற்றி வருகிறேன் என்பாள் அவள். மூன்றாவது சுற்றில் யார் கீழே போகிறார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன். குண்டலகேசி கதை தெரிந்தவர்கள் பேத்தியிடம் சொல்லாமல் இருக்கவும்.


மணியனூர்மாப்ள:

தாத்தா, உங்க படத்திலும் துப்பாக்கி இருக்கே. மேலிடத்து உத்தரவு என்னாச்சு?


நாகலூர்காப்பி:

கேட்டுவிட்டேன். ஜெய்சங்கர் கையில் இருந்தால் செல்லுமாம். அப்பா பேச்சுக்கு மட்டும் தனிச் சட்டம்.

தாத்தா, நேற்று 'சிஐடி சங்கர்' போட்டோம். மாமனார் அடுத்து வருவதை எல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்ததால் மனைவி பாதியில் எழுந்து 'விலங்கு' டவுன்லோடு ஆகிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள். மகள் முழுசாகப் பார்த்தாள். குகைக்காரரே, ஞாயிற்றுக்கிழமை பிஎஸ்4-ஐத் தூக்கிக்கொண்டு கீழே வருகிறேன். பழைய டிஸ்க் நம்பி வாங்குகிற மாதிரி கடை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தால் தனியாக மெசேஜ் போடுங்க. மணியனூர், கேரம் பவுடரும் வாங்கிக்கொள்கிறேன்.