அகிஹாபரா கடைத்தெருவுக்கு மேலே ஒரு கோயில்

அக்கா: வேலை முடிந்து டோக்கியோவின் அகிஹாபரா கடைத்தெரு வழியாக நடந்து கண்டா மியோஜின் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கீழே முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடை, ஒரே இரைச்சல். செங்குத்தான கல்படி ஏறினால் மேலே செக்கச்செவேல் என்று கோயில். ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா: அழகாக இருக்கிறது கண்ணு. என்ன சாமி?

அக்கா: மூன்று சாமி அம்மா. முதல் சாமியை டாய்கொகு என்கிறார்கள். தோளில் மூட்டை, கையில் சுத்தியல், காலடியில் அரிசி மூட்டை. இந்தப் பெயர் நம் மகாகாளன்தான்! பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் வந்து, இங்கிருந்த ஒரு தெய்வத்தோடு கலந்துவிட்டது. ‘பெரிய கறுப்பன்’ என்ற பொருள்கூட மாறவில்லை.

அம்மா: உக்கிரமான சாமி ஆயிற்றே. படத்தில் சிரிக்கிறாரே!

அக்கா: இங்கே செல்வம் தருகிற சாமி அம்மா. வியாபாரிகள் நிறையப் பேர் வருகிறார்கள்.

சித்தி: மற்ற இரண்டு பேர்?

அக்கா: ஒருவர் எபிசு, மீனவர்களும் வியாபாரிகளும் கும்பிடுகிற சாமி. இன்னொருவர் மசகாதோ, நிஜமாக வாழ்ந்த வீரர் சித்தி. அரசை எதிர்த்து 940-இல் கொல்லப்பட்டார். அவர் ஆவிக்குப் பயந்து, அப்புறம் சாமியாகவே கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தி: நம் மதுரை வீரன் கதை மாதிரியே இருக்கிறதே. உடம்பு சிலிர்க்கிறது.

அப்பா: கட்டடம் எவ்வளவு பழசம்மா?

அக்கா: கோயில் 730-இல் தொடங்கியது, இந்த மேட்டுக்கு வந்தது 1616-இல். பழைய கட்டடம் 1923 நிலநடுக்கத்தில் எரிந்துவிட்டது. இப்போது இருப்பது 1934-இல் கட்டிய கான்கிரீட். மேலே அரக்கு பூசியிருப்பதால் மரம் மாதிரித் தெரிகிறது.

அப்பா: கோயிலுக்குக் கான்கிரீட் என்றால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்!

அக்கா: அதனால்தான் அப்பா 1945 குண்டுவீச்சில் சுற்றிலும் எரிந்தபோது இது நின்றது.

அப்பா: கட்டியவர்கள் கைக்கு ஒரு கும்பிடு.

தம்பி: அக்கா, கம்ப்யூட்டருக்குத் தாயத்து விற்கிறார்களாமே?

அக்கா: உனக்கு ஒன்று வாங்கிவிட்டேன், லேப்டாப்பில் ஒட்டிக்கொள்.

அம்மா: எங்களுக்காகக் கும்பிட்டாயா?

அக்கா: 5 யென் காசு போட்டேன் அம்மா. ஜப்பானிய மொழியில் 5 யென்னைச் சொல்லும் ‘கோஎன்’ என்ற சொல்லுக்கே உறவு, பந்தம் என்றும் பொருள் உண்டு. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, உங்கள் எல்லோர் பெயரையும் சொல்லிவிட்டு இன்னொரு முறை குனிந்தேன்.

அம்மா: அந்த மகாகாளன் படத்தை மட்டும் பெரிதாக அனுப்பு.