ஒரே தெரு, ஒரே சாதி, 12 மார்க் வித்தியாசம்: 7.5 சதவீதம் நியாயமா?

மஞ்சக்காட்டுக்காரர், கோபி

வணக்கமுங்க. பையன் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தான். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு 188. நாங்கள் கொங்கு வெள்ளாளர், பிசி (பிற்படுத்தப்பட்டோர்). கோயமுத்தூரில் அவன் ஆசைப்பட்ட தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பொண்ணு, பங்காளி முறைதான், அவங்க அப்பா தறி ஓட்டுகிறார். உள்ளூர் அரசுப் பள்ளி, கட் ஆஃப் 176. அதே கல்லூரி, அதே பிரிவு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வாங்கிவிட்டாள். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுமாம்.

"நான் அதிக மார்க் வாங்கினது தப்பாப்பா?" என்கிறான். பொண்ணு மேல் வருத்தம் இல்லை, நல்ல பிள்ளை. ஆனால் இரண்டு மாட்டை விற்றுப் பள்ளிக்குக் கட்டினேன். சாதியும் ஒன்று எனும்போது இது எந்த ஊர் நியாயமுங்க?

பல்லடம் ராசு

சாதி ஒதுக்கீடு 69 சதவீதம் போனால் மீதி 31. அதிலும் 7.5. படிக்கிற பசங்க வேற ஸ்டேட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கணக்கு டீச்சர், அந்தியூர்

ராசு தம்பி, அந்த 31 யாருக்கும் தனியாக எழுதி வைத்தது இல்லை. எந்தச் சாதியாக இருந்தாலும் ரேங்க் வந்தால் உள்ளே போகலாம்.

அண்ணா, இந்த 7.5 பிசி சீட்டுக்கு மேலே வருவதில்லை. ஒவ்வொரு சாதி ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உள்ளேயும் நூற்றுக்கு ஏழரை, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பிசிக்கு நூறு சீட் என்றால் ஏழோ எட்டோ. மீதி 92இல் உங்கள் பையனுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் அவனைப் போல ஃபீஸ் கட்டிப் படித்தவர்கள். அப்புறம், தனியார் கல்லூரி என்கிறீர்கள். அங்கே நூற்றுக்கு 35 சீட் நிர்வாகத்துக்குப் போகலாம். பணம் கட்டி 140 கட் ஆஃப்காரன் உட்கார்ந்தால் அவனைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

எங்கள் பள்ளியில் போன வருடம் இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போனார். புது ஆள் வர தீபாவளி தாண்டிவிட்டது. அதுவரை வேதியியல் சார்தான் அதையும் ஒப்பேற்றினார். பர்கூர் மலையிலிருந்து வருகிற பிள்ளைகள் சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது, அதனால் ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது. உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் பதினொன்றாம் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டை ஓட்டினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள்.

அந்த 176 எங்கே எடுத்தது என்று பாருங்கள். மருத்துவத்தில் 2020இல் 7.5 வருவதற்கு முந்தின வருடம் அரசுக் கல்லூரி எம்பிபிஎஸ் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒற்றை இலக்கம். வந்த வருடமே பிடிஎஸ்ஸும் (பல் மருத்துவம்) சேர்த்து 300ஐத் தாண்டியது. ஒரே வருடத்தில் அத்தனை பேருக்குப் புதிதாக மூளை முளைத்திருக்காது இல்லையா?

திருப்பூர் டிப்ளமோ

டீச்சர் சாதியைத் தொடாமல் நாசூக்காக முடித்துவிட்டார். நான் அருந்ததியர். அப்பா ஊரில் சாவுக்குத் தப்புப் பறை அடித்தவர். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் நாங்கள் ஏராளம். ஆனால் எஸ்சிக்கான (பட்டியல் சாதி) 18 சதவீதத்தில் காலேஜ் சீட்டு எங்கள் தெரு வரை வரவில்லை. துப்புரவு வேலைக்கு மட்டும் நூறு சதவீதம்! 2009இல் அந்த 18க்குள் எங்களுக்கு 3 ஒதுக்கினார்கள். அடுத்த வருடம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன், எங்கள் தெருவில் முதல் ஆள். இப்படி உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம். உங்கள் சமூகம் பிசி பட்டியலில் சேர்ந்தது 1975இல். அதற்கப்புறம் கோபியில் எத்தனை தோட்டத்து வீட்டில் டாக்டர், இன்ஜினியர் வந்தார்கள் என்று தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சக்காட்டுக்காரர், கோபி

கோவிச்சுக்கலீங்க. நிர்வாக சீட்டு விஷயம் நறுக்கென்று இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மச்சான் வேன் டிரைவர். அவர் பொண்ணு படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அவளும் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள்தான். அவளுக்கு 7.5 கிடையாதாம். இதற்கு என்ன சொல்லுவீங்க டீச்சரம்மா?

கணக்கு டீச்சர், அந்தியூர்

அது அநியாயம்தான் அண்ணா, நானே சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறேன். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 7.5 செல்லும் என்றது. உதவி பெறும் பள்ளிக்காரர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

சரி, பையன் விஷயத்துக்கு வாருங்கள். கிடைத்த சீட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டானா, இல்லை ஒத்துக்கொண்டு மேலே நகரக் காத்திருக்கிற ஆப்ஷனைக் கொடுத்தானா? பொள்ளாச்சி, பெருந்துறைக் கல்லூரிகளையும் லிஸ்டில் போட்டானா? அதைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.